அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பணமில்லை என்று யாரிடம் சொல்வது? சமூக நலவாழ்வு நிறுவனங்களுக்கு ஒரு சிறு வட்டம்

வீடு தேடிப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் நிறுவனம், குறைந்த கட்டணத்தில் ரத்தப் பரிசோதனை செய்யும் லேப், பார்வை சோதித்துக் கண்ணாடி தரும் மையம், மனநல ஆலோசனை தரும் அமைப்பு. கட்டணம் வாங்கி, மிச்சத்தைப் பங்கு பிரிக்காமல் சேவைக்கே திருப்பிப் போடும் இந்தச் சமூகத் தொழில் நிறுவனங்கள் பெரும்பாலும் சின்னவை. தலைமையில் இருப்பவரே காலையில் டெண்டர் எழுதுவார், மதியம் நோயாளியின் குடும்பத்தாரைச் சமாதானம் செய்வார், சாயங்காலம் சம்பளக் கணக்கோடு உட்காருவார். அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பணம் போதாது என்று தெரிந்தால் அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு ஆள் கிடையாது. ஊழியர்களிடம் சொன்னால் வேறு வேலை தேட ஆரம்பிப்பார்கள். நிதி தருபவரிடம் சொன்னால் அடுத்த தவணை தள்ளிப்போகலாம். நிர்வாகக் குழுவிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர்களில் பலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறவர்கள். இதே இறுக்கத்தில் மாட்டி மீண்டு வந்த இன்னொரு நிறுவனத்தின் தலைவருக்குத்தான் விஷயம் சட்டென்று பிடிபடும்.

அந்த இன்னொருவரை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் எப்படிப் பேசுவது என்பதுதான் இந்தப் பதிவு. 'நெட்வொர்க்' என்றதும் பலரும் முதலில் மாநாடு நடத்துகிறார்கள். மேடையில் நான்கு நிறுவனங்கள் தங்கள் வெற்றியைப் படம் போட்டுக் காட்டும். நிதி தருபவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். அந்த அரங்கில் எவரும் 'எங்கள் நர்ஸ்கள் வேலையில் நிற்பதே இல்லை' என்று எழுந்து சொல்லப் போவதில்லை. ஒருவருடைய சிக்கல் முழுதாக மேசைக்கு வந்து, மற்றவர்கள் அதன்மேல் ஒரு மணி நேரம் செலவழிக்கிற ஏற்பாடு இருந்தால்தான் நெட்வொர்க்கால் பலன் உண்டு என்பது என் உறுதியான கருத்து. மற்றதெல்லாம் அறிமுகம். அப்படிக் கூடும் சிறு குழுவைத்தான் இங்கே வட்டம் என்கிறேன்.

வட்டத்தில் யார் இருக்கலாம்

ஆறு முதல் எட்டு நிறுவனங்கள் போதும். எட்டைத் தாண்டினால் ஒருவருடைய முறை வருவதற்கே பல மாதம் ஆகிவிடும். ஐந்துக்குக் கீழே போனால், இரண்டு பேர் வராத நாளில் கூட்டமே நடக்காது. ஒரு நிறுவனத்திலிருந்து ஒருவர் மட்டும் வரட்டும். மேலதிகாரியும் அவருக்குக் கீழே வேலை செய்பவரும் ஒரே வட்டத்தில் இருந்தால் கீழே இருப்பவர் வாய் திறக்க மாட்டார். சேவை வேறு வேறாக இருப்பது நல்லதுதான். ஆனால் அளவு ஓரளவு ஒத்திருக்க வேண்டும். ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தின் பணத் தட்டுப்பாடும் முந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தின் பணத் தட்டுப்பாடும் வேறு வேறு நோய்கள்.

ஒரே பகுதியில் ஒரே டெண்டருக்குப் போட்டி போடும் இருவரை ஒரே வட்டத்தில் போடாதீர்கள். நல்லவர்களாக இருந்தாலும் பேச்சு அடங்கிவிடும். நிதி தருபவர் உள்ளே உட்காரவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். செலவை அவர் ஏற்கலாம், வருஷத்துக்கு ஒருமுறை அறிக்கை கேட்கலாம். பேசும் அறைக்குள் அவருக்கு நாற்காலி கிடையாது என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கூட்டம் நடக்கும் முறை

இந்த முறைக்கு வேர் பழையது. கேம்பிரிட்ஜில் இயற்பியல் ஆராய்ந்த ரெக் ரெவன்ஸ், 1940-களில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் துறைக்குப் பயிற்சிப் பொறுப்பாளராக வந்தார். வெளியிலிருந்து நிபுணர்களை அழைத்து வகுப்பெடுக்க வைப்பதைவிட, சுரங்க மேலாளர்கள் சிறு குழுக்களாகக் கூடி ஒருவர் சிக்கலை மற்றவர் கேள்வி கேட்டுப் பிரிப்பது அதிகம் உதவும் என்று அவர் வாதிட்டார். இன்று 'ஆக்ஷன் லேர்னிங்' என்று சொல்லப்படுவது அதன் வழி வந்ததுதான்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டரை மணி நேரம், ஒரு கூட்டத்துக்கு இரண்டு பேருடைய சிக்கல். ஒருவருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் அதைப் பிரிப்பது இப்படி: முதல் பத்து நிமிடம் சிக்கலுக்குரியவர் மட்டும் பேசுவார். அடுத்த ஐந்து நிமிடம் தகவல் கேள்விகள் மட்டும்: எத்தனை பேர், எப்போதிலிருந்து, எவ்வளவு பணம். அதன்பின் இருபத்தைந்து நிமிடம் திறந்த கேள்விகள். இந்த நேரத்தில் யோசனை சொல்லத் தடை. பிறகு பத்து நிமிடம் சிக்கலுக்குரியவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகு காட்டி உட்காருவார். மற்றவர்கள் அவர் இல்லாததுபோல் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். முகம் பார்த்துப் பேசினால் அவர் ஒவ்வொரு யோசனைக்கும் 'அதைச் செய்து பார்த்தாயிற்று' என்று பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். முதுகு காட்டும்போது காது மட்டும் வேலை செய்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் அவர் திரும்பி, அடுத்த கூட்டத்துக்குள் தான் செய்யப்போகும் ஒன்றோ இரண்டோ காரியத்தைத் தேதியோடு சொல்வார். அதை ஒருவர் எழுதிக்கொள்வார். மிச்சமுள்ள அரை மணி நேரம் போன கூட்டத்தில் எழுதியது என்ன ஆயிற்று என்று பார்க்க.

யோசனை சொல்லத் தடை என்பதைத்தான் எல்லோரும் மீறுவார்கள். சேவை செய்து பழகிய மனம். ஒருவர் கஷ்டத்தைச் சொன்னதும் தீர்வு வாய்க்கு வந்துவிடும். 'சம்பளத்தை உயர்த்திப் பார்த்தீர்களா?' என்பது கேள்விக்குறி போட்ட யோசனைதான். கூட்டத்தை நடத்துபவர் அதை அங்கேயே நிறுத்த வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வீட்டுப் பராமரிப்பு நிறுவனத் தலைவர் ஒருவர், 'நர்ஸ்கள் வேலையை விட்டுப் போகிறார்கள், எங்களால் அரசு மருத்துவமனைச் சம்பளம் தர முடியவில்லை' என்கிறார். ஒருவர் கேட்கிறார்: கடைசியாக வேலையை விட்ட ஐந்து பேரும் வேலைக்குச் சேர்ந்த எத்தனையாவது மாதத்தில் விட்டார்கள்? பதிவேட்டைப் பார்த்தால் நான்கு பேர் முதல் மூன்று மாதத்துக்குள். இன்னொருவர்: அந்த மூன்று மாதத்தில் அவர்கள் நோயாளி வீட்டுக்கு யாரோடு போனார்கள்? தனியாக. முதல் வாரத்திலிருந்தே தனியாக. புண் கட்டும்போது சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் செய்வார்கள்? அதற்கென்று ஆள் வைக்கவில்லை. சம்பளம் குறைவு என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முதல் நான்கு வாரம் அனுபவசாலியோடு சேர்த்து அனுப்புவதும், பகல் முழுக்கப் போனை எடுக்க ஒரு மூத்த நர்ஸை நியமிப்பதும் அவர் கையில் உள்ள காரியம். ஐந்தாவது நிமிடத்திலேயே எல்லோரும் 'ஊக்கத்தொகை கொடுங்கள்' என்று ஆரம்பித்திருந்தால் அந்தப் பதிவேடு திறக்கப்பட்டிருக்காது.

ஒரு பக்க ஒப்பந்தம்

முதல் கூட்டத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிய தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அறையில் கேட்டது அறையில் நிற்கும். நோயாளியின் பெயர் வராது. பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்கவும் கூடாது. சின்ன இடத்தில் 'இருபத்துமூன்று வயது, இரட்டைக் குழந்தை, காசநோய்' என்றாலே ஆள் தெரிந்துவிடும். ஆகவே வயதைத் தோராயமாகச் சொல்லி, கதைக்குத் தேவையில்லாத அடையாளங்களை விட்டுவிட வேண்டும். அடுத்தவர் ஊழியரை முன்கூட்டிச் சொல்லாமல் வேலைக்கு இழுக்கக் கூடாது. இருவரும் ஒரே டெண்டருக்குப் போகும் நிலை வந்தால் அன்றே சொல்லிவிட வேண்டும். அந்த விஷயம் பேசப்படும்போது ஒருவர் வெளியே போக வேண்டும். டெண்டரில் என்ன விலை போடப் போகிறோம் என்பதைப் பகிரவே கூடாது. பல நாடுகளில் போட்டியாளர்கள் விலையைப் பேசி வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். 'நாங்கள் லாபத்துக்காக நடத்தவில்லை' என்பது அங்கே காப்பாற்றாது. முடிந்துபோன காலத்தின் செலவை ஒப்பிடுவது வேறு விஷயம். அதுவும் சந்தேகமாக இருந்தால் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இரண்டு கூட்டம் தொடர்ந்து வராதவரிடம் நடத்துபவர் தனியாகப் பேச வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். வராதவரில் சிலர் ஆர்வம் குறைந்து நின்றுவிட்டவர்கள். வேறு சிலர் மிகவும் மோசமான நெருக்கடியில் இருப்பவர்கள். வட்டம் அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

கணக்கை ஒப்பிடுவது

இரண்டாவது ஆண்டில்தான் இதைத் தொடங்க முடியும், நம்பிக்கை வந்த பிறகு. சின்ன நிறுவனங்களுக்குத் தங்கள் செலவு அதிகமா குறைவா என்றே தெரியாது, ஒப்பிட ஒன்றும் இல்லாததால். 'ஒரு வீட்டு விசிட்டுக்கு எவ்வளவு ஆகிறது?' என்று எட்டுப் பேரிடம் கேட்டால் எட்டு எண் வரும். அவை எட்டும் வேறு வேறு விஷயங்களின் எண்கள்.

மாதச் செலவு 68,000 என்று வையுங்கள், எந்த நாணயமானாலும் சரி. திட்டமிட்ட விசிட் 400. வீடு பூட்டியிருந்தது, நோயாளி ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார், வண்டி பழுது என்று அறுபது நடக்கவில்லை. திட்டமிட்ட 400-ஆல் வகுப்பவருக்கு ஒரு விசிட் 170. நடந்த 340-ஆல் வகுப்பவருக்கு 200. இன்னொருவர் மேற்பார்வையாளர் சம்பளத்தையும் பயண நேரத்தையும் சேர்க்காமல் 130 என்று சொல்வார், எல்லோரும் அவரை வியந்து பார்ப்பார்கள். அவரோ அந்த 130-ஐ நம்பி ஒப்பந்தம் போட்டு, மாதாமாதம் நஷ்டத்தில் ஓடுவார்.

அதனால் எண்ணுக்கு முன்னால் வரையறை. நர்ஸ் சம்பளம், பயணப் படி, பயணத்தில் போகும் நேரத்தின் சம்பளம், கட்டுத்துணி கையுறை போன்ற செலவுப் பொருட்கள், மேற்பார்வை, வாடகையிலும் போனிலும் ஒரு பங்கு, விடுப்பு நாட்களின் சம்பளம்: இவை மேலே, வகுபடும் தொகையாக. முடிந்த விசிட் மட்டும் கீழே, வகுக்கும் எண்ணாக. இதை எழுதி, எல்லோரும் ஒரே மாதத்துக்கு நிரப்பி, யாருடையது எது என்று தெரியாதபடி எழுத்துக் குறி போட்டு ஒரு தாளில் வையுங்கள். முதல் தடவை பாதி எண்கள் தவறாகத்தான் வரும். அந்தத் தவறுகளைத் தேடுவதிலேயே கணக்காளர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பிப்பார்கள். அது தனியாக ஒரு லாபம்.

சேர்ந்து வாங்குவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். அதிகம் தோற்பதும் இதுதான். ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையில் போனால், ஒருவர் பணம் தரத் தாமதித்ததும் வாங்கியவர் தலையில் சுமை விழும். கிடங்கு, எக்ஸ்பைரி, குளிர்பதனம் எல்லாம் அவர் பொறுப்பாகிவிடும். நட்பு அங்கே முறியும். விலையை மட்டும் சேர்ந்து பேசிவிட்டு, ஆர்டரும் பில்லும் பணமும் அவரவர் பேரில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

அதற்கு முன் கடந்த ஆறு மாதக் கொள்முதலை எல்லோரும் ஒரே அட்டவணையில் போட வேண்டும்: பொருள், பேக்கில் எத்தனை, ஓர் எண்ணிக்கைக்கு என்ன விலை, எத்தனை நாள் கடன். அதிலிருந்து அதிகப் பணம் விழுங்கும் பத்துப் பொருளை மட்டும் எடுங்கள். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் அநேகமாக அந்தப் பட்டியலில் இருக்கும், சிக்கலும் அங்கேதான். ஸ்ட்ரிப் அதற்குரிய மீட்டரில் மட்டும்தான் வேலை செய்யும். ஆறு நிறுவனத்தில் நான்கு வகை மீட்டர் இருந்தால் சேர்ந்து பேச ஒன்றுமில்லை. மீட்டர்கள் பழையதாகி மாற்ற வேண்டிய நேரம் வரும்வரை காத்திருந்து, ஒரே வகைக்கு மாறி, அதன்பின் ஸ்ட்ரிப் விலையைப் பேச வேண்டும். கையுறை, பஞ்சு, பயன்படுத்திய ஊசியைப் போடும் பெட்டி போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை, அதில் ஆரம்பியுங்கள். சப்ளையரிடம் 'நிறைய வாங்குவோம்' என்று சொன்னால் விலை குறையாது. காலாண்டுக்கு இவ்வளவு கட்டாயம் எடுப்போம் என்று எழுத்தில் கொடுத்தால்தான் கொட்டேஷன் இறங்கும்.

நேரில் போய்ப் பார்ப்பது

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் லைகோ நிறுவனம் 1992-இல் தொடங்கி, மற்ற கண் மருத்துவமனைகளுக்குத் தன் நிர்வாக முறையைக் கற்றுக்கொடுத்து வருகிறது. அங்கே மருத்துவமனைத் தலைவர் மட்டும் வந்து கேட்டுவிட்டுப் போவதில்லை. மருத்துவர், நிர்வாகி என்று ஒரு குழுவாக வந்து, தங்கள் மருத்துவமனைக்கான திட்டத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டு போகிறார்கள். பிறகு அது எப்படி நடக்கிறது என்று தொடர்ந்து கவனிப்பதும் உண்டு. சின்ன நிறுவனங்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. தலைவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், திங்கட்கிழமை அவர் பேசுவது ஊழியர்களுக்குப் புது உத்தரவாகத்தான் கேட்கும். களத்தில் போகும் ஒருவரையும் கணக்கு பார்க்கும் ஒருவரையும் கூட்டிப் போக வேண்டும்.

போகுமுன் மூன்று கேள்வி எழுதி அனுப்புங்கள். போன இடத்தில் கூட்ட அறையில் படக்காட்சி பார்த்துப் பொழுதைக் கழிக்காதீர்கள். ஸ்டாக் அறையைப் பாருங்கள்: பழைய தேதி முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா? புகார்ப் பதிவேட்டைக் கேளுங்கள். அப்பாயின்ட்மென்ட் நோட்டில் அடித்தல் திருத்தல் எவ்வளவு என்று பாருங்கள். நோயாளி சம்மதித்தால் ஒரு சுற்று கூடப் போங்கள். நான்கு பேருக்கு மேல் போக வேண்டாம். அன்று அங்கே வேலை நடந்தாக வேண்டும். உபசரிப்பவருக்கு அது ஒரு நாள் உழைப்பு என்பதால் வட்டத்தின் பொது நிதியிலிருந்து செலவைக் கொடுத்துவிடுவது முறை. முப்பது நாள் கழித்து, பார்த்ததில் எதைச் செய்தீர்கள் என்று அரைப் பக்கம் எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள்.

மருத்துவச் சந்தேகமும் மனச் சுமையும்

மருத்துவக் கேள்விகளுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-இல் தொடங்கிய புராஜெக்ட் எக்கோ இதற்கு நல்ல மாதிரி. வாரந்தோறும் வீடியோவில் கூடி, தூரத்துக் கிளினிக்குகள் தங்கள் நோயாளிகளைப் பெயர் இல்லாமல் முன்வைக்க, நிபுணர்களும் மற்ற கிளினிக்குகளும் சேர்ந்து வழி சொன்னார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி நோயின் சிகிச்சையில் அந்தக் கிளினிக்குகளின் குணமாகும் விகிதம் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு இணையாக இருந்தது என்ற ஆய்வு 2011-இல் வெளியானது. அதில் நிபுணர் பேச்சு சின்னது, நோயாளி விவாதம் பெரியது. நகலெடுப்பவர்கள் இதைத் தலைகீழாக்கி, ஐம்பது நிமிட வகுப்பு, பத்து நிமிட விவாதம் என்று நடத்தும்போது ஆட்கள் கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறார்கள்.

களத்தில் போகும் ஊழியர்களின் மனச் சுமைக்கு, 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் மருத்துவர்களுக்காகத் தொடங்கிய குழு முறை உதவும். அங்கே மருந்து பற்றிய பேச்சு இருக்காது. 'இந்த நோயாளி வீட்டுக்குப் போவதென்றாலே எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது' என்பதுதான் விஷயம். நெதர்லாந்தில் 2006-இல் தொடங்கிய ப்யூர்ட்சோர்க் வீட்டு நர்ஸ் அமைப்பு, ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வைப்பதில்லை. குழுவுக்குத் துணையாக வரும் கோச்சுக்கு உத்தரவு போடும் அதிகாரமும் கிடையாது. நம் வட்டத்தை நடத்துபவரும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

தலைவர்களுக்கு இடையே இருவர் இருவராக ஜோடி சேர்த்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் போன் பேச நேரம் குறித்து வையுங்கள். 'தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்' என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். தூக்கம் போய்விட்டது, வாழ்வதே பாரம் என்று ஒருவர் சொன்னால் சக தலைவரின் ஆறுதல் போதாது. அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போகிற வழியை முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவும் ஒருங்கிணைப்பாளரும்

வாட்ஸ்அப் குழு எப்படியும் உருவாகும். இரண்டு மாதத்தில் வாழ்த்துப் படங்களும் ஃபார்வர்டுகளும் நிறைந்து, உண்மையான கேள்வி மேலே போய் மறைந்துவிடும். அறிவிப்புக்கு ஒன்று, கேள்விக்கு ஒன்று என்று பிரித்து, கேள்வியை மூன்று வரியில் கேட்கச் சொல்லுங்கள்: என்ன சிக்கல், எதைச் செய்து பார்த்தோம், எப்போதுக்குள் பதில் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் பதில்களைத் திரட்டிப் பொதுக் கோப்பில் ஏற்றட்டும். நோயாளியின் புண் படம், ரிப்போர்ட் படம் எதுவும் அங்கே வரக் கூடாது.

அந்த 'ஒருவர்'தான் ஒருங்கிணைப்பாளர்; அவர் சம்பளம் வாங்குபவராக இருக்க வேண்டும். ஆர்வத்தில் இலவசமாகச் செய்பவர் களைத்துப்போகும் நாளில் நெட்வொர்க்கும் நின்றுவிடும். நெட்வொர்க்குகள் சாவதற்கு முதல் காரணம் என்று நான் நினைப்பது இதைத்தான். இரண்டு மூன்று வட்டங்கள் சேர்ந்த பதினைந்து இருபது நிறுவனத்துக்கு ஓர் அரைநேர ஆள் போதும். சந்தாவை வருமானத்துக்கு ஏற்பப் படிப்படியாக வைத்து, சம்பளத்தில் ஒரு பகுதியாவது அதிலிருந்து வரும்படி செய்யுங்கள். மானியம் நின்றாலும் போன் அடிக்க ஓர் ஆள் மிஞ்சுவார்.

வேலை நடக்கிறதா என்று பார்க்க, எத்தனை கூட்டம் நடந்தது என்று எண்ண வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு உறுப்பினரிடமும் ஒரே கேள்வி: இந்த ஆறு மாதத்தில் யாரிடமெல்லாம் நீங்களாகவே போன் செய்து ஆலோசனை கேட்டீர்கள்? பதில்களை ஒரு தாளில் புள்ளியும் கோடுமாகப் போடுங்கள். எல்லாக் கோடும் ஒருங்கிணைப்பாளரிடமே போய் முடிந்தால், அவர் விலகும் நாளில் தாள் வெறும் புள்ளிகளாகிவிடும். அடுத்த காலாண்டில் அவர் பதில் சொல்வதைக் குறைத்து, 'இதற்கு இன்னாரைக் கேளுங்கள்' என்று இணைத்துவிட வேண்டும். ஒரு கோடும் இல்லாத புள்ளி இருந்தால் முதல் போன் அங்கே.

ஒருவர் மூட நேர்ந்தால்

இதைப் பேச எல்லோருக்கும் கூச்சம். ஆனால் சின்ன நிறுவனங்கள் மூடத்தான் செய்கின்றன, அப்போது நோயாளிகள் நடுவழியில் நிற்கிறார்கள். வட்டம் நன்றாக இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை சில. கையிருப்புப் பணம் இரண்டு மாதச் செலவுக்குக் கீழே போனால் வட்டத்தில் ஒருவரிடமாவது சொல்லிவிடுவது. தொடர் சிகிச்சையில் இருப்போரின் பட்டியலை எப்போதும் புதுப்பித்து வைத்திருப்பது: யாருக்கு இன்சுலின், யாருக்குக் கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாற்றும் தேதி, யாருக்குக் காசநோய் மாத்திரை எத்தனையாவது மாதம். நோயாளியின் சம்மதம் இல்லாமல் அந்தப் பட்டியல் கை மாறக் கூடாது என்பதால், சேர்க்கும் படிவத்திலேயே அதற்கு ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மருந்து ஸ்டாக்கை வேறு நிறுவனத்துக்குக் கொடுக்க உரிமம் அனுமதிக்கிறதா என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் கையுறையும் கட்டுத்துணியும் எளிதாகப் போகும், மருந்து போகாது. மூடும் நிறுவனத்தின் ஊழியர்களுக்கு முதல் வேலை அழைப்பு வட்டத்திலிருந்தே போகட்டும்; ஊழியரை இழுக்கக் கூடாது என்ற விதிக்கு இந்த ஒரு விலக்கு என்று அந்த ஒரு பக்கத் தாளிலேயே எழுதிவிடலாம்.